ரெக்கார்டு நோட்டு எழுத ஒரு பொண்ணு வேணும்

ரொம்ப நாள் கழிச்சு ஒரு பதிவு. கொஞ்சம் கோபத்தோட எழுதறதால நீளமாத்தான் வரும். பொறுமை இல்லாதவங்க இப்பவே அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

நாங்க இருக்கிறது அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில். பொண்ணு எட்டாங்கிளாஸ். போன மாசம் அவ வகுப்புல மின்சுற்று நடத்தினாங்க. பேட்டரி, பல்பு, வயர், மல்டிமீட்டர் எல்லாம் கொடுத்து, நாலு பேருக்கு ஒரு மேசை. ரெண்டு பையன், ரெண்டு பொண்ணு. சாயங்காலம் வந்ததும் வழக்கம் போல கேட்டேன்.

"இன்னைக்கு லேப்ல என்ன பண்ணே?"

"எழுதினேன்ப்பா."

"நேத்து?"

"நேத்தும் எழுதினேன்."

"மீட்டரை எப்ப தொட்டே?"

"அது அவங்க வேலைப்பா. ரீடிங் சொல்வாங்க, நான் டேபிள்ல எழுதணும். இன்னொருத்தி கலர் பண்ணுவா."

அவளுக்கு இதுல வருத்தமே இல்லை. எனக்குத்தான் சுருக்குன்னுச்சு. பெற்றோர் ஆசிரியர் சந்திப்புல போய்க் கேட்டேன். நல்ல மனுஷர், குறை சொல்றதுக்கில்லை. சிரிச்ச முகமா, "உங்க பொண்ணு கையெழுத்து ரொம்ப அழகு. அதனாலதான் அந்தக் குழு எப்பவும் அவளையே எழுதச் சொல்லுது"ன்னார். பாராட்டுன்னு நினைச்சுத்தான் சொன்னார். நானும் நன்றி சொல்லிட்டு வந்துட்டேன். காருக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. நம்ம கோபமெல்லாம் எப்பவும் பார்க்கிங் லாட்லதானே வரும்.

இதை அந்த வார பாட்லக்கில் சொல்லி அங்கலாய்ச்சேன். ஒரு அண்ணன், என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், தயிர்சாதத்தைக் கிளறிக்கிட்டே சொன்னார்: "தம்பி, இதெல்லாம் இயற்கை. பொண்ணுங்களுக்கு மனுஷங்க மேல ஆர்வம், பசங்களுக்குப் பொருள் மேல ஆர்வம். சமத்துவம் கொடிகட்டிப் பறக்குற ஸ்காண்டிநேவியாவிலேயே பொண்ணுங்க எஞ்சினியரிங் பக்கம் வர்றதில்லை. ஆராய்ச்சியே சொல்லுது. நீ போட்டுக் குழப்பிக்காதே."

ஆராய்ச்சியே சொல்லுதாம். சரி, ஆராய்ச்சின்னே வந்தாச்சு, அப்ப ஆராய்ச்சியைப் பத்திப் பேசுவோம். அதுக்கு இந்த ஒஹையோவிலேயே ஒரு ஆள் இருக்காங்க. அண்ணனும் நானும் இத்தனை வருஷம் இங்க குப்பை கொட்டறோம், எங்க ரெண்டு பேருக்குமே அவங்களைத் தெரியாம இருந்தது.

பேர் ஜேன் பட்லர் கேல். அறிவியல் கல்வித் துறைப் பேராசிரியர். பர்டியூ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி, அங்கேயே உயிரியலும் கல்வியியலும் சேர்ந்த பேராசிரியராக இருந்து, பிறகு மயாமி பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். (மயாமின்னதும் கடற்கரை, தென்னை மரம்னு கிளம்பிடாதீங்க. இது ஒஹையோவில் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் இருக்கு. மயாமியும் இல்லை, ஆக்ஸ்ஃபோர்டும் இல்லை, சுத்தி சோளக்காடு.) தொண்ணூறுகளின் கடைசியில் அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனத்தில் பள்ளி அறிவியல் கல்விக்கான பிரிவுக்கு இயக்குநராகவும் இருந்தார்.

அறிவியல் கல்விப் பேராசிரியர்னா நம்ம ஆளுங்களுக்கு ஒரு இளக்காரம் உண்டு. இயற்பியல்காரங்களைக் கேட்டா "அது சயின்ஸே இல்லை"ம்பாங்க. "பி.எட். காலேஜ் சமாச்சாரமா?"ன்னு நானே கேட்டிருக்கேன். எலக்ட்ரானை அளந்தா அறிவியல், வகுப்பறையில் யார் கையில் மீட்டர் இருக்குன்னு அளந்தா மட்டும் அறிவியல் இல்லையாம். ஏன்? ஒண்ணு பையன் வேலை, இன்னொண்ணு டீச்சர் வேலைன்னு நம்ம மண்டையில் பதிஞ்சிருக்கு, அதான். வேற காரணம் எனக்குத் தோணலை.

கேல் 1983-ல் மார்ஷா லேக்ஸ் என்பவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை போட்டார். தலைப்பைத் தமிழில் சொன்னா "அறிவியல் வகுப்பறையில் சமத்துவம் என்னும் கட்டுக்கதை". அமெரிக்கா முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் எடுக்கிற தேசிய மதிப்பீடு ஒண்ணு இருக்கு. அதன் 1976-77 விவரங்களை எடுத்து, 9, 13, 17 வயசுப் பிள்ளைகள் என்ன சொல்லியிருக்காங்கன்னு பார்த்தாங்க. தேர்வு மார்க்கை விடுங்க. இந்தக் கருவியைத் தொட்டிருக்கியா, இந்தப் பரிசோதனையைச் செஞ்சிருக்கியா, செய்ய ஆசையாங்கிற மாதிரிக் கேள்விகள் அதில் இருந்தது.

அண்ணே, இங்க கொஞ்சம் நின்னு கேளுங்க. ஒன்பது வயசுப் பொண்ணுங்க "எனக்குச் செய்ய ஆசை"ன்னு பசங்களுக்குச் சமமா, சிலதில் அவங்களைவிட அதிகமாவே சொல்லியிருக்காங்க. ஆனா சாதாரணமான பரிசோதனைப் பொருட்களையும் கருவிகளையும் கையில் எடுத்த அனுபவம் மட்டும் தொடர்ந்து பசங்களைவிடக் குறைவு. ஆசை இருந்தது, கைக்கு வரலை. அப்புறம் 13, 17 வயசுக்குப் போனா அனுபவமும் குறைவாவே நிக்குது, அறிவியலைப் பத்தின நினைப்பும் சுருங்கிப் போகுது. நீங்க பதினேழு வயசுப் பொண்ணைப் பார்த்து "ஆர்வமே இல்லை, இயற்கை"ங்கறீங்க. ஒன்பது வயசில் அது இருந்துச்சே, எங்க போச்சு? எட்டு வருஷம் ரீடிங் எழுதச் சொல்லிட்டு, ஏம்மா உனக்கு மீட்டர் மேல ஆசை இல்லைன்னா எப்படி?

அது 70-கள் கதை, இப்ப எல்லாம் மாறிடுச்சுன்னு ஒரு குரல் வரும். மாறியிருக்குதான், மறுக்கலை. விஞ்ஞானியை வரையச் சொல்லும் சோதனை ஒண்ணு இருக்கு. டேவிட் சேம்பர்ஸ் 1983-ல் வெளியிட்டது. 4807 பிள்ளைகள் வரைஞ்சதில் பெண் விஞ்ஞானி வெறும் 28 படத்தில். அந்த 28-ஐயும் வரைஞ்சது பொண்ணுங்கதான், ஒரே ஒரு பையன்கூட வரையலை. 2018-ல் டேவிட் மில்லர் குழுவினர் அமெரிக்காவில் அஞ்சு பத்தாண்டுகளா நடந்த 78 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. 85-க்குப் பின் வந்த ஆய்வுகளில் சராசரியா 28 சதவீதம் படங்களில் பெண். முன்னேற்றம்தான். ஆனா அதே ஆய்வில் இன்னொண்ணு: ஆறு வயசுப் பொண்ணுங்க வரையற விஞ்ஞானிகளில் சுமார் 70 சதவீதம் பெண்கள். பதினாறு வயசுப் பொண்ணுங்க வரைஞ்சா சுமார் 25. நடுவில் பத்து வருஷம். அந்தப் பத்து வருஷமும் பிள்ளை எங்க இருக்கா? பள்ளிக்கூடத்தில்.

நிற்க. ஒரு ஒப்புதல் வாக்குமூலம். என் மகள் மேசையில் உட்கார்ந்திருக்கிற அந்தப் பையன் வேற யாருமில்லை, நான்தான். காலேஜில் பிசிக்ஸ் பிராக்டிகல். எனக்கு ஜோடி ஒரு பொண்ணு. ஸ்க்ரூ கேஜ், வெர்னியர், ஸ்பெக்ட்ராமீட்டர் எல்லாம் நான் பிடிப்பேன். அவ எழுதுவா. வருஷக் கடைசியில் அவ ரெக்கார்டு நோட்டைப் பார்த்து நான் என் நோட்டை நிரப்பிக்குவேன். "நீ நீட்டா எழுதுற"ன்னு நானும் பாராட்டியிருக்கேன்! பரீட்சையில் தனியா நிக்கும்போது அவளுக்கு ஸ்பெக்ட்ராமீட்டரில் பிளவு சரியா விழலை, கை நடுங்கிச்சு. நான் அப்ப என்ன நினைச்சேன் தெரியுமா? "பொண்ணுங்களுக்கு இன்ஸ்ட்ருமெண்ட் வராதுப்பா." வருஷம் பூரா அவ கையில் அதைக் கொடுக்காதவன் நான். கொடுத்திருந்தா வந்திருக்கும்கிற அறிவு அப்ப எனக்கு இல்லை. அதனாலதான் இந்தக் கோபம், பாதி என் மேலயே.

சரி, வகுப்பறைக்கு வருவோம். கேலோட வேலையில் எனக்கு ரொம்பப் பிடிச்சது புள்ளிவிவரம் இல்லை. அதே 80-களின் தொடக்கத்தில், அமெரிக்க உயிரியல் ஆசிரியர் சங்கத்துக்காக அவர் ஒரு காரியம் செஞ்சார். "பெண்கள் ஏன் அறிவியலை விட்டுப் போறாங்க?"ன்னு எல்லாரும் கேட்டுக்கிட்டு இருந்தபோது இவர் தலைகீழா ஒரு கேள்வி கேட்டார். எந்த ஆசிரியர்கிட்ட படிச்ச பொண்ணுங்க விட்டுப் போகாம மேல அறிவியல் எடுக்கறாங்க? அந்த ஆசிரியர்களைக் கண்டுபிடிச்சு, அவங்க வகுப்பில் உட்கார்ந்து, என்ன செய்யறாங்கன்னு பார்ப்போம். நோயாளியை விட்டுட்டு நோய் வராதவனைப் போய்ப் பார்த்த மாதிரி.

கிடைச்ச பதில் என்ன? ஏதோ பெரிய மந்திரம் இருக்கும்னு நினைச்சு வாசிச்சேன். ஒண்ணும் கிடையாது. அந்த ஆசிரியர்களின் வகுப்பறை ஒழுங்கா, பொருட்களோட, பார்க்கவே ஆசையா இருக்கும். பரிசோதனையும் கலந்துரையாடலும் வாராவாரம் சின்னச் சோதனையும்தான் அவங்க பாடம் நடத்தும் முறை. கூடவே வெளியே கூட்டிட்டுப் போறது, ஆட்களை வரவழைச்சுப் பேசச் சொல்றது. பேச்சிலும் உதாரணத்திலும் ஆணை மட்டுமே வெச்சுப் பேச மாட்டாங்க. பெண் விஞ்ஞானிகளைப் பத்திச் சொல்லுவாங்க. அடிப்படைத் திறனும் படைப்பாற்றலும் ரெண்டும் முக்கியம்பாங்க. இதைப் படிச்சா என்ன வேலைக்குப் போகலாம்னு பிள்ளைங்ககிட்ட வாய்விட்டுச் சொல்லுவாங்க. அவ்வளவுதான்.

இதில் "பெண்களுக்காக" என்று தனியா என்ன இருக்கு சொல்லுங்க? பிங்க் கலர் மைக்ராஸ்கோப் இருக்கா? நல்லா நடத்தறது, எல்லார் கையிலும் பொருளைக் கொடுக்கறது, இது உனக்கும்தான்னு வாயால சொல்றது. இது போதுமா இருந்திருக்கு. இயற்கை, ஹார்மோன், ஆதிமனிதன் வேட்டைக்குப் போனான்னு கதை விடறவங்க இதுக்கு என்ன பதில் வெச்சிருக்காங்க? ஒரு டீச்சர் வாராவாரம் குவிஸ் வெச்சா ஹார்மோன் மாறிடுமா?

ஆய்வு சின்னதுதான், ஒரு சில பள்ளிகள்தான். ஆனா இது தனியா நிக்கற சங்கதி இல்லை. ஆஸ்திரேலியாவில் கென்னத் டோபின் போன்றவங்க 87-ல் எழுதினது: வகுப்பில் ஆசிரியர் எல்லாரையும் பார்த்துப் பேசற மாதிரி தோணும், உண்மையில் பதில் சொல்றது, கேள்வி வாங்கறது எல்லாம் ஒரு சில பிள்ளைகள், அவங்களில் பெரும்பாலும் பசங்க. மேரி பட் ரோ அதுக்கும் முன்னாடியே, 1974-ல், கடிகாரம் வெச்சு அளந்தார். கேள்வி கேட்டுட்டு ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருக்கிற நேரம் சுமார் ஒரு நொடி. மந்தம்னு முத்திரை குத்தின பிள்ளைக்கு அதைவிடக் குறைவு. அதை மூணு நொடி ஆக்கினா, பதில் நீளுது, வாயே திறக்காத பிள்ளை பேசுது. மூணே நொடி! முதலில் கையைத் தூக்கறவன் யாரோ அவனே புத்திசாலின்னு ஒரு நொடியில் முடிவு பண்ணிடறோம். யோசிச்சுட்டுச் சொல்லலாம்னு இருக்கிற பிள்ளைக்கு முறையே வர்றதில்லை.

இங்க இன்னொரு கூட்டத்தையும் ஒரு பிடி பிடிக்கணும். இவங்க நம்ம கட்சிதான், ஆனாலும். பள்ளிக்கூடச் சுவரில் மேரி க்யூரி போஸ்டர் ஒட்டிட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிற கூட்டம். என் பொண்ணு வகுப்பிலும் க்யூரி இருக்காங்க, சட்டம் போட்டு. அவங்களுக்கு நேர் கீழேதான் இவ உட்கார்ந்து டேபிள் போட்டுக்கிட்டிருக்கா. க்யூரி அம்மா டன் கணக்கில் தாதுவைக் காய்ச்சிக் கிளறின ஆள். எழுதறதை மட்டும் செஞ்சிருந்தா ரேடியம் கிடைச்சிருக்குமா?

ஸ்காண்டிநேவியா பாக்கி இருக்கு. அண்ணன் சொன்ன ஆராய்ச்சி ஸ்டூட், கியரி ரெண்டு பேரும் 2018-ல் எழுதினது. சமத்துவம் கூடின நாட்டில் அறிவியல், தொழில்நுட்பப் பட்டத்தில் பெண்கள் குறைவுன்னு சொன்ன கட்டுரை. உலகம் பூரா பத்திரிகைகள் தூக்கிக் கொண்டாடின. 2019 கடைசியில் அதுக்கு ஒரு நீளமான திருத்தம் வெளியாச்சே, அது எத்தனை பேர் கண்ணில் பட்டது? சதவீதம்னு வாசிக்கிறவங்க நினைச்சது நேரடியான சதவீதமே இல்லை, ஆசிரியர்களாவே வகுத்துக்கிட்ட ஒரு விகிதம். சாரா ரிச்சர்ட்சன் குழு சாதாரணமா எல்லாரும் பயன்படுத்தற கணக்கில் போட்டுப் பார்த்தப்ப அதே முடிவு வரலைன்னு 2020-ல் எழுதினாங்க. விவாதம் நடந்துக்கிட்டிருக்கு, நடக்கட்டும். ஆனா "ஆராய்ச்சியே சொல்லுது"ன்னு தயிர்சாதத்தோட சேர்த்து முழுங்கற அளவுக்கு அது வெந்து முடிஞ்ச சங்கதி இல்லை.

லாரி சம்மர்ஸ் ஹார்வர்டு தலைவரா இருந்துக்கிட்டு 2005 ஜனவரியில் இதே ராகத்தைத்தான் பாடினார். உச்சத்தில் இருக்கிற திறமையில் ஆண் பெண் வேறுபாடு இருக்கலாம், சமூகப் பாகுபாடெல்லாம் அதுக்குப் பின்னாடிதான்னு. மூணு வருஷம் கழிச்சு 2008-ல் ஜேனட் ஹைட் குழு பத்து மாநிலங்களின் கணிதத் தேர்வு விவரத்தை, எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளோடதை, எடுத்துப் பார்த்துச் சராசரியில் வேறுபாடே இல்லைன்னாங்க. சராசரி வேற, உச்சம் வேறன்னு சம்மர்ஸ் ரசிகர்கள் உடனே வருவாங்க. வரட்டும். உச்சாணிக் கொம்புப் பேராசிரியர் வேலை பத்தி நான் பேசலை சாமி, எட்டாங்கிளாஸ் மல்டிமீட்டர் பத்திப் பேசறேன். அதைப் பிடிக்க உலகத்தின் உச்சத் திறமை எதுக்கு?

இன்னும் ஒரு ஆட்சேபம் இருக்கு, இதுதான் கொஞ்சம் கனமானது. "இப்பெல்லாம் படிப்பில் பசங்கதான் பின்தங்கறாங்க. பொண்ணுங்க, பொண்ணுங்கன்னே எத்தனை நாள் பேசுவீங்க?"

இதுக்கும் கேல்கிட்டேயே பதில் இருக்கு. 1991-ல் ஒஹையோவில் டிஸ்கவரின்னு ஒரு பெரிய திட்டம் ஆரம்பிச்சாங்க. தேசிய அறிவியல் நிறுவனத்தின் பணம், கேல் அதை நடத்தினவங்களில் முக்கியமான ஆள். ஆசிரியர்களுக்கு அரைநாள் சொற்பொழிவும் டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பாம, வாரக்கணக்கில் கோடைப் பயிற்சி. ஆசிரியர்களே மேசையில் உட்கார்ந்து சோதனை செஞ்சு, குழம்பி, கண்டுபிடிக்கணும். அதன் விளைவை 2000-ல் கேல், ஜூடித் மீஸ், கேத்ரின் ஸ்கான்டில்பரி மூணு பேரும் எழுதினாங்க. நகரப் பள்ளிகளில் படிக்கிற ஆப்பிரிக்க அமெரிக்கப் பிள்ளைகள், நடுநிலைப் பள்ளி வயசு. இப்படித் தேடிக் கண்டுபிடிக்கிற முறையில் அடிக்கடி நடத்தற ஆசிரியர்கிட்ட படிச்சவங்களுக்கு மதிப்பெண்ணும் கூடுது, அறிவியல் மேல மதிப்பும் கூடுது. யாருக்கு ரொம்ப? பசங்களுக்கு. ஆமா, பசங்களுக்குத்தான்.

பெண்களுக்காகவே பேசறவர்னு முத்திரை குத்தின பேராசிரியர், தன் வாழ்நாள் வேலையின் பலன் பசங்களுக்கு அதிகமாப் போய்ச் சேர்ந்ததுன்னு வந்தப்ப அதை மறைக்கலை, சுருக்கத்திலேயே எழுதி அச்சில் போட்டார். இந்த ஒரு நேர்மைக்காகவே அவங்க பேரை இங்க எழுதணும்னு தோணிச்சு. பொருளை எல்லார் கைக்கும் கொடுன்னு பொண்ணுங்களுக்காகக் கேட்டா, அந்தப் பக்கம் கவனிப்பாரில்லாம கிடந்த பையனும் எழுந்து உட்கார்றான். அவன்கிட்டேருந்து எதையும் பிடுங்கலையே.

நேத்து அந்த ஆசிரியருக்கு மின்னஞ்சல் போட்டேன். குற்றம் சாட்டலை, ஒரே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு லேப்புக்கும் எழுதறது, பிடிக்கிறது, கணக்குப் போடறது, சுத்தம் பண்றதுன்னு வேலையை மாத்தி மாத்திக் கொடுக்க முடியுமா, ஒரு சீட்டு ஒட்டிட்டாப் போதும்னு எழுதினேன். அரைமணியில் பதில் வந்தது. "எனக்கு இது தோணவே இல்லை. திங்கட்கிழமையிலிருந்து செய்யறேன்." முப்பது வருஷத்துக்கு மேலான ஆய்வு, எத்தனை கட்டுரை, எத்தனை கோடி டாலர்! அது இவர் காதுக்கே வரலைன்னா யாரை நொந்துக்கறது?

பொண்ணுகிட்ட சொன்னேன். "அய்யோ அப்பா, எனக்கு மீட்டர் பிடிக்கத் தெரியாதே"ன்னா. அதனால இந்த வாரக் கடைசி எங்க வீட்டு டைனிங் டேபிளில் பேட்டரியும் வயரும். ரீடிங் நான் எழுதறேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குன்னு இப்பவே புகார்.

அண்ணே, அடுத்த பாட்லக் உங்க வீட்லதான்னு நினைக்கிறேன். அந்த 83-ம் வருஷத்துக் கட்டுரையைப் பிரிண்ட் எடுத்துட்டு வர்றேன். தயிர்சாதம் மட்டும் கொஞ்சம் அதிகமாப் பண்ணி வைங்க.